மதுரையில் வசிக்கும் கணவனும் மனைவியும் பாய்மரப் படகு வாங்கிக் கரையோரமாகவே சுற்றி வாழ முடியுமா?

முடியும். ஆனால் நாள்காட்டியைக் காற்றுதான் தீர்மானிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வாடைக்காற்று வந்தால் பாக் விரிகுடாவின் முறை. பிப்ரவரி, மார்ச்சில் பழகத் தொடங்குங்கள்.

பாம்பனில் 2025-இல் திறந்த ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி உயர்ந்தால்தான் உயரமான பாய்மரம் கடக்கும், முன்அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. நினைத்த இடத்தில் நங்கூரம் போட்டால் பவளப்பாறை நொறுங்கும், தயவுசெய்து வேண்டாம்.

அன்றாடத்தில் பெரிய கவலை நல்ல தண்ணீர். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசியில் ஒரு குவளை நன்னீரில் அலசினால் போதும். அப்புறம், ஒருவர் சுக்கான் பிடிக்க மற்றவர் பாயைச் சுருக்க வேண்டும். இரண்டும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்றவர் கரை சேர்த்துவிடலாம்.