மேட்டுப்பாளையத்தில் சீராகப் பறந்த விமானம் ஊட்டியில் ஏன் தலையாட்டுகிறது?

கேள்வி: ஃபோமில் நானே கட்டிய மாடல் விமானம், இறக்கை 1.4 மீட்டர். ஆர்டுபைலட் (தானாகப் பறக்கவைக்கும் ஆட்டோபைலட் மென்பொருள்) போட்டிருக்கிறேன்; காற்றுவேக சென்சார் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் ஆட்டோ மோடில் ஒழுங்காகப் பறந்தது. ஊட்டியில் ஏறச் சொன்னால் மூக்கைத் தூக்குகிறது, வேகம் குறைந்து தலைகுப்புறச் சரிகிறது, திரும்பவும் தூக்குகிறது. மூக்கின் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்று சொல்லும் பிட்ச் கெயினைக் குறைத்தும் பயனில்லை.
– வாசகர், லவ்டேல்

பதில்: முதலில் கெயினைப் பழைய அளவுக்கே திருப்பி வையுங்கள். கெயின் கூடிப்போனால் மூக்கு படபடவென்று நடுங்கும். உங்களுடையது பல நொடி எடுக்கும் மெதுவான ஆட்டம். சந்தேகமிருந்தால் எஃப்பிடபிள்யூஏ மோடில் (ஸ்டிக்கும் த்ராட்டிலும் உங்கள் கையில், சாய்வை மட்டும் ஆட்டோபைலட் பிடித்துக்கொள்ளும்) பறக்கவிடுங்கள். அதில் மூக்கு அசையாமல் நின்றால் கெயின் மேலும் செர்வோ மேலும் பழியில்லை.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 17 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதே த்ராட்டிலுக்கு (மோட்டாருக்குக் கொடுக்கும் சக்திக்கு) புரொப்பெல்லர் இழுக்கும் விசை குறைவு. அதே எடையைத் தாங்க வேகமோ 10 சதவீதம் கூட வேண்டும். கீழே நொடிக்கு 14 மீட்டர் என்றால் இங்கே 15.4. சென்சார் இல்லாத ஆட்டோபைலட் க்ரூஸ் த்ராட்டிலையும் பிட்ச் கோணத்தையும் வைத்தே கணக்குப் போடுவதால் இது அதற்குத் தெரியாது. கீழே ஏறிய வேகத்தில் இங்கேயும் ஏறலாம் என்று நம்பி மூக்கைத் தூக்கிக்கொண்டே போகிறது.

எஃப்பிடபிள்யூஏவில் மட்டமாகப் பறக்க எத்தனை சதவீத த்ராட்டில் பிடிக்கிறது என்று பார்த்து, அதையே க்ரூஸ் த்ராட்டிலாகப் போடுங்கள். பிறகு முழு த்ராட்டிலில், வேகம் விழாத அளவுக்கு மட்டும் மூக்கைத் தூக்கி 10 நொடி ஏறவிடுங்கள். லாகில் ஏறிய உயரத்தைப் பத்தால் வகுத்தால் உண்மையான ஏறும் வேகம். நொடிக்கு 3.4 மீட்டர் வந்தால் டெக்ஸ் கிளைம்ப் மேக்ஸில் (ஏறும் வேகத்தின் உச்ச வரம்பு) 3 போதும்; தொழிற்சாலை அளவான 5 இந்த மலைக்கு ஆகாது. பிட்ச் உச்ச வரம்பையும் 20 டிகிரியிலிருந்து 15க்கு இறக்குங்கள்.

புரொப்பெல்லரை ஓர் அங்குலம் பெரிதாக்கலாம், வாட்மீட்டரில் ஆம்பியர் பார்த்துக்கொண்டு. அதே புரொப்போடு சமவெளிக்கு இறங்கினால் மோட்டார் கொதிக்கும்.

இன்னொன்று: ஆர்டிஎல் (கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும் மோட்) உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. நடுவில் ஒரு முகடு இருந்தால், 100 மீட்டர் என்று போட்டுவைத்தது நேராக அதில் கொண்டுபோய் மோதும்.

கேள்வி: காற்றுவேகம் அளக்கும் பிடோட் குழாய் வைத்தும், மூடுபனிக்குப் பிறகு வேகம் தப்பாகக் காட்டுகிறதே?
– வாசகர், குன்னூர்

பதில்: குழாயின் முனையில் நீர்த்துளி அடைத்திருக்கும். உள்ளே அழுத்தம் சிறைப்பட்டுவிடுவதால், ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும். ஆட்டோபைலட் த்ராட்டிலைக் குறைக்கும். விமானம் ஸ்டால் ஆகும், அதாவது வேகம் போதாமல் இறக்கை தாங்காது. சென்சாரிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றிய பிறகே ஊதிச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் சென்சார் போய்விடும். சென்சாரைக் குழாயைவிட மேட்டில் வையுங்கள். பவர் கொடுக்கும்போது முனையைக் காற்றுப் படாமல் லேசாக மூடினால்தான் பூஜ்யம் சரியாகப் பதியும். பனி இறங்கிவிட்டால் பறக்கவிடவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விமானத்தை எந்த ட்யூனிங்கும் காப்பாற்றாது.