டீக்கடை கேங், ஹாஸ்டல் பேச்சு, பிளாக் சண்டை: சேர்க்கையும் பழக்கமும் – கேள்வி பதில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சிகரெட் நினைப்பே வருவதில்லை. ஆபீஸில் 11 மணிக்கு கேங்கோடு டீக்கடைக்குப் போனதும் கை தானாக நீள்கிறது. எனக்கு மன உறுதி இல்லையா மேடம்?

பதில்: உறுதி இருக்கிறது. உங்களை இழுப்பது நிக்கோட்டினைவிட அந்த இடமும் அந்த ஆட்களும்தான். அதற்காக கேங்கை விட்டு ஒதுங்காதீர்கள். நிறைய பேர் சறுக்குவது அங்கேதான்: நாலு நாள் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள், ஐந்தாம் நாள் ஆட்களைத் தேடிப் போவார்கள், கூடவே தம்மும் வந்துவிடும்.

கேங்கில் உங்கள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். டீ சொல்வது, கிளாஸை எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பது, காசு கணக்கு பார்ப்பது உங்கள் பொறுப்பாகட்டும். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பிஸ்கட். லைட்டர்கூட பாக்கெட்டில் இருக்க வேண்டாம்; நெருப்பு கேட்டு வருபவர் சிகரெட்டும் நீட்டுவார்.

சிகரெட்டை விட உதவும் 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் எடுப்பவர்கள் அதை டீயோடு மெல்லக் கூடாது. டீ, காபி வாயில் அமிலத்தைக் கூட்டுவதால் மருந்து கன்னத்தின் வழியே சரியாக உள்ளே போகாது. 11 மணி டீ என்றால் 10.15-க்கு எடுங்கள். மெதுவாக மென்று, சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்குங்கள். அது அடங்கியதும் திரும்ப மெல்லுங்கள். அரை மணி நேரத்தில் துப்பிவிடலாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஆலோசனைக்கு அரசின் இலவச எண் 1800-112-356.

கேள்வி: "ஒண்ணே ஒண்ணு மச்சி" என்று ஐந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னால் எப்படி மறுப்பது?

பதில்: ஐந்து பேரோடும் வாதாடாதீர்கள், ஒருவரை உங்கள் பக்கம் சேருங்கள். 1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் மாணவர்களிடம் கோடுகளைக் காட்டி, எது சம நீளம் என்று கேட்டார். ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்தபடி தவறாகச் சொல்ல, கண்ணெதிரே விடை தெரிந்தும் அந்த ஒருவரின் பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டத்தோடு போயின. சரியாகச் சொல்ல ஒரே ஒரு துணை இருந்தபோது அது கால்வாசியாகக் குறைந்தது. அந்தத் துணை பாதியில் கட்சி மாறியதும் தவறுகள் மறுபடி ஏறின.

ஆகவே விட நினைக்கும் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்பும் கேட்டால் அவரும் சிரித்து மழுப்புவார். ஒருவருக்கு நீட்டும்போது மற்றவர் முந்திக்கொண்டு "நாங்க ரெண்டு பேரும் விட்டுட்டோம்" என்று சொல்ல வேண்டும். அவர் பற்றவைக்கும் நாள்தான் உங்களுக்கும் ஆபத்து. அன்று டீ முடிந்ததும் அங்கே நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: சென்னை ஹாஸ்டலில் சேர்ந்த மகள், மதுரைக்கு வந்தாலும் ஹாஸ்டல் பேச்சுதான் பேசுகிறாள். அந்நியமாகிவிட்டாளோ?

பதில்: இல்லைம்மா. பழகுபவர்களின் பேச்சை ஒட்டிக்கொள்வது அங்கே இடம் பிடிப்பதற்கான வழி. கேலி மட்டும் செய்யாதீர்கள். கேலி செய்தால் வீட்டில் பேசுவதே குறைந்துபோகும்.

கேள்வி: பொங்கலுக்கு ஏ பிளாக், பி பிளாக் என்று கயிறு இழுக்கும் போட்டி வைத்தோம். இப்போது பார்க்கிங் வரை சண்டை. பொது விருந்து வைத்தால் சரியாகுமா?

பதில்: விருந்து மட்டும் போதாது. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் உளவியலாளர் முஸாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். கொடி எரிப்பு வரை போனது. ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தபோது சாப்பாட்டையே எறிந்துகொண்டார்கள். முகாமுக்குத் தண்ணீர் நின்று எல்லோரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தது, லாரியைச் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது. இப்படிச் சில வேலைகளுக்குப் பிறகுதான் பகை கரைந்தது. ஒரே வேலையில் தீரவில்லை.

உங்களுக்கும் தண்ணீரில் தொடங்கலாம். பொது சம்ப் சுத்தம், கோடைக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு இரண்டையும் ஏ-வில் ஒருவர், பி-யில் ஒருவர் என்று ஜோடியாகக் கொடுங்கள். மோட்டார் ஏ பிளாக், வசூல் பி பிளாக் என்று பிரித்தால் மோட்டார் நின்ற அன்றே பழி போடுவார்கள். அடுத்த பொங்கலுக்கு வீட்டு எண் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று அணி பிரியுங்கள், அதற்கடுத்த வருடம் சீட்டுக் குலுக்குங்கள். பிளாக் பெயரில் கோப்பை வேண்டவே வேண்டாம்.