ஜிப்சி கியர்பாக்ஸை வீட்டில் இறக்கலாமா?

கேள்வி: பழைய மாருதி ஜிப்சிக்கு கிளட்ச் மாற்ற, கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) சேர்த்தே இறக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜிப்சியில் இரண்டும் தனித்தனி. நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் சேசிஸிலேயே இருக்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியைத் தூக்கி, அடியில் இரும்பு ஸ்டாண்டுகள் கொடுத்து நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கவே கூடாது. கியர் ஆயிலை முதலில் வடியுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குட்டை ஷாஃப்டை உருவும்போது முகத்தில் கொட்டும். ஷாஃப்டை போல்ட்டால் இணைக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சில், திரும்ப அதே நிலையில் மாட்ட, சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) குறி போடுங்கள். சாக்பீஸ் கோடு எண்ணெயில் அழிந்துவிடும்.

கியர் லீவர், கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கழற்றியபின், இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். முக்கியமானது இதுதான்: பெல்ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) இன்ஜினிலிருந்து விலகியதும் கியர்பாக்ஸ் நேராகப் பின்னால் வர வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் இன்புட் ஷாஃப்டில் கியர்பாக்ஸின் பாரம் தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். மாட்டும்போதும் இதே கவனம் தேவை. தொங்கவிட்டால் புதுப் பிளேட்டும் உதறும்.