ஜோ ஏன் ‘சார்’ என்றான்?

அன்புள்ள ஐயா,

டேவிட் லீன் இயக்கிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1946) படத்தைப் போன வாரம் பார்த்தேன். டிக்கன்ஸின் நாவலைப் படித்ததில்லை. ஆர்லிக் என்கிற முக்கியமான வில்லனைப் படத்தில் தூக்கிவிட்டார்கள், முடிவையும் மாற்றிவிட்டார்கள் என்கிறான் நண்பன். இது மூலத்துக்குச் செய்த துரோகம் இல்லையா? 59 அத்தியாயங்களை இரண்டு மணி நேரத்தில் அடக்க முடியுமா? படம் பார்த்தபின் நாவலையும் படிக்கத்தான் வேண்டுமா? கொல்லன் ஜோ, தான் வளர்த்து, இப்போது பணக்காரனாகிவிட்ட பிப்பைப் பார்க்க லண்டனுக்கு வரும் காட்சியில் கலங்கிவிட்டேன். என் அப்பா சென்னைக்கு வந்தபோது ஆபீஸுக்குள் கூப்பிடாமல் எதிர் டீக்கடையில் உட்கார வைத்தேன். நானும் ஒரு பிப்தான்.

க.

அன்புள்ள க.,

இந்த நாவலின் 57ஆம் அத்தியாயத்தைக் கொஞ்ச நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

துரோகம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. ஆர்லிக் இல்லாததால் படத்துக்கு நட்டமில்லை. முடிவை மாற்றியவர்களில் முதல் ஆள் டிக்கன்ஸேதான். பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் பிரிந்தே போவதாக முதலில் எழுதியிருந்தார். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதால் வேறு முடிவு எழுதினார். லீன் மூன்றாவதாக ஒன்று செய்தார், அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் சிறுவன் ஓடிவந்து கைதியின் மேல் மோதும் இடத்தை எந்த நாவலாசிரியனும் பொறாமையோடுதான் பார்ப்பான். கை கிரீனின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம்.

நான் சண்டை போட வேண்டியது வேறு இடத்தில். ஜோ வருகிறான் என்று கடிதம் கிடைத்ததும் பிப் சொல்வதை நினைவுபடுத்திப் பாருங்கள். பணம் கொடுத்து அவனை வராமல் தடுக்க முடியுமென்றால் கட்டாயம் கொடுத்திருப்பேன் என்கிறான். அது நாவலில் உள்ளது. படம் அதையொட்டி இன்னொரு வாக்கியத்தையும் அவன் குரலில் சேர்க்கிறது: கனவானாக முயன்று கடைசியில் ஒரு மேட்டிமைக்காரனாகத்தான் ஆனேன். இது டிக்கன்ஸ் எழுதியதல்ல. எழுதியிருக்கவும் மாட்டார். தன்மேல் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டவனுக்கு மனது லேசாகிவிடுகிறது. பார்க்கிற நமக்கும் லேசாகிவிடுகிறது. பையன் திருந்திவிட்டான் என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறோம்.

‘நானும் ஒரு பிப்தான்’ என்று நீங்கள் எழுதியதும் அதேதான். ஆர்லிக்கைப் பற்றி அத்தனை விசாரம். அப்பாவைப் பற்றி ஒரே வரி, உடனே ஒரு பட்டம், கையெழுத்து. அவர் எவ்வளவு நேரம் அந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்? நீங்கள் வெளியே வந்ததும் என்ன கேட்டார்? அதை எழுதவில்லையே. எழுதக் கூசியிருக்கும். அந்தக் கூச்சத்தோடு கொஞ்சநாள் இருந்திருக்க வேண்டும் நீங்கள்.

நாவல் நம்மை அப்படித்தான் இருக்க வைக்கிறது. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாராவாரம் வெளிவந்த கதை. லண்டனுக்கு வந்த ஜோ ‘சார்’, ‘சார்’ என்று தடுமாறி, தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்து, இந்த உடுப்பில் நான் சரியில்லை, பட்டறையில் சுத்தியலோடு என்னைப் பார்த்தால் இவ்வளவு குறை தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது 27ஆம் அத்தியாயம். அதற்குப் பிறகும் பிப் மாறவில்லை. ஊருக்குப் போனால்கூட ஜோவின் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்கச் சாக்குத் தேடுகிறான். அன்றைய வாசகர்கள் மாதக்கணக்கில் இவனைச் சகித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பிறகு 57. எல்லாம் போய், நகைக்கடைக் கடனுக்காகக் கைதாக வேண்டிய நிலையில் பிப் காய்ச்சலில் விழுகிறான். கண் விழித்தால் பக்கத்தில் ஜோ. குழந்தையைப் போலத் தூக்கிப் பராமரிக்கிறான். ‘சார்’ போய்விட்டது, பழையபடி பேச்சும் சிரிப்பும். ஆனால் பிப்புக்கு உடம்பு தேறத் தேற, ஜோவின் வாயில் அந்த ‘சார்’ மெல்லத் திரும்பி வருகிறது. ஒரு காலையில் எழுந்தால் ஜோ இல்லை. ஒரு சீட்டும், 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ் கடனை அந்தக் கொல்லன் கட்டித் தீர்த்த ரசீதும் இருக்கின்றன. நோயாளியாக இருந்தால்தான் இவன் நம்மவன், எழுந்து நடந்தால் நம்மவனில்லை என்பதை ஜோ புரிந்துகொண்டிருக்கிறான். யாரும் அவனை விரட்டவில்லை. படம் ஜோவின் இந்தப் பணிவிடையை வேகமாகக் கடந்து, முடிவில் பிப் திரைச்சீலைகளைக் கிழித்தெறியும் ஆவேசத்துக்கு ஓடுகிறது. அந்த ஓட்டத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் தாய்மாமா லாரிப் பட்டறையில் வெல்டர். என் விடுதிக் கட்டணம் அவர் கையிலிருந்துதான் போனது. என்னை ‘டேய்’ என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. வேலை கிடைத்து முதல்முறை ஊருக்குப் போனேன். ‘வாங்க தம்பி’ என்றார். அத்தை நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமல் அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தேன், சின்ன வயதில் செய்வதைப் போல. மாமா சிரித்தார். ஆனாலும் சாப்பிடும்போது, ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க’ என்றார். கடைசிவரை அந்த ‘ங்க’ போகவே இல்லை.

டிக்கன்ஸுக்கு இது வெளியிலிருந்து தெரிந்த விஷயமில்லை. 1824இல், 12 வயதில், ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார். அப்பா கடனுக்காக மார்ஷல்ஸி சிறையில். புகழின் உச்சியிலும் அதை ஊருக்குச் சொல்லவில்லை. நண்பர் ஃபார்ஸ்டரிடம் சொல்லியிருந்தார். அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகம் படித்தது. அப்படி மறைத்து வைத்திருந்த ஒரு மனிதர், ‘நான் மேட்டிமைக்காரன்’ என்று ஒரே வாக்கியத்தில் பிப்பை விடுவித்திருப்பாரா?

நாவலைப் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. கட்டாயம் படியுங்கள். அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். மன்னிப்பெல்லாம் கேட்டு அப்பாவைச் சங்கடப்படுத்த வேண்டாம். டீக்கடையில் அன்று அவர் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். ஆர்லிக்கைப் பற்றி இனி எழுதாதீர்கள்.