டபுள் பேரல் துப்பாக்கியை ஓவனில் வைக்காதீர்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த 12 போர் (குழல் விட்ட அளவு) டபுள் பேரல் துப்பாக்கி இப்போது என் பெயரில் லைசென்ஸுடன் இருக்கிறது. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். திரும்பி வந்தபோது குழல் முழுக்கத் துரு. நீடித்து நிற்கும் பெயின்டை வீட்டிலேயே அடிக்கலாமா? – கோத்தகிரி வாசகர்

வெளிப்புறத்துக்கு அடிக்கலாம். உள்வேலைகளைத் தொடாதீர்கள், பழுதுபார்க்க ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தனி லைசென்ஸ் கேட்கிறது.

உங்களுடையது ஜோடிக்குழல். இரண்டு குழலையும் நடுவிலுள்ள பட்டையையும் பெரும்பாலும் ஈயப்பற்றால்தான் ஒட்டியிருப்பார்கள். ஓவனில் சுட்டு இறுக்கும் பூச்சுக்குச் சுமார் 120 டிகிரியில் 2 மணி நேரம் வேண்டும். ஈயம் அதில் உருகாதுதான். ஆனால் வீட்டு ஓவனின் முள்ளை நம்ப முடியாது. சூடு எகிறினால் பற்று விட்டுப்போகும். சமையல் ஓவனில் அந்தப் புகையும் கூடாது. துருப்பிடிக்காமல் இருக்க, கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி இரும்பை நீலமாக்கும் முறை இன்னும் மோசம், அந்தக் காரம் ஈயப்பற்றையே அரிக்கும். ஒற்றைக்குழலுக்கு இந்தப் பயம் கிடையாது. உங்களுக்குக் காற்றில் காயும் இரட்டைக் கலவைப் பூச்சுதான் சரி. அதில் கலக்கும் ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) நெஞ்சைப் பிடிக்கும். துணி மாஸ்க் போதாது. ரசாயன வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டு, திறந்த வெளியில் அடியுங்கள்.

முதலில் இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். குழலைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள். அதன்பின் வெறுங்கை படக் கூடாது. பெயின்ட் உரிவது பெரும்பாலும் மிச்சமிருந்த எண்ணெயால்தான். குழலின் இரு முனைகளையும் அடைத்து, கீல் பொருந்தும் முகங்களை டேப்பால் மூடி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள். தடித்தால் குழல் மூடாது.

எண் பொறித்த இடத்தில் பெயின்டே வேண்டாம். எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 8ஆம் பிரிவின்படி குற்றம். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகும்போது எண் மங்கலாகத் தெரிந்தால் பெயின்ட்தான் என்று எத்தனை மேஜையில் விளக்குவீர்கள்?

"கொடுங்க சார், ஃபேக்டரி கலர்ல தர்றேன்" என்று வரும் புரோக்கரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வைத்திருக்க உரிமையில்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் 29ஆம் பிரிவு உங்கள் மேலும் பாயும். என்னிடம் வந்த ஒருவருக்குக் குழல் திரும்பிவரவே இல்லை. லைசென்ஸ் உள்ள டீலரிடம் நேரில் போய், எண் எழுதிய ரசீது வாங்குங்கள்.

ஒப்படைக்கச் சொல்லும் அரசு, ஈரச் சுவரில் சாத்தாமல் ஓர் உலர்ந்த அலமாரி தரக் கூடாதா? என் துப்பாக்கியும் அப்படித்தான் துருப்பிடித்து வந்தது. அடுத்த முறை எண்ணெய் தடவி, எண் தெரியப் படமெடுத்து, 'துரு இல்லை' என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மறுப்பார்கள், விடாமல் கேளுங்கள்.