குங்குமச் சிவப்பு புடவையில மடிப்பு எங்க போச்சு?

கேள்வி: அண்ணா, மூணு வருஷமா கல்யாண வீடியோ எடிட் பண்றேன். வேவ்ஃபார்ம்ல (படத்தோட அளவ 0-100 கோட்டுல காட்டற கிராஃப்) எல்லாமே 100க்கு ரொம்ப கீழதான் நிக்குது, ஆனா முகூர்த்தப் புடவையோட சிவப்புல மடிப்பே தெரியல, பெயின்ட் கொட்டுன மாதிரி ஒரே திட்டா இருக்கு. கேமரா கோளாறா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கேமராவ அப்புறம் பாப்போம் தம்பி, முதல்ல வேவ்ஃபார்ம் எந்த மோட்ல இருக்குன்னு பாருங்க. நீங்க பாத்தது லூமா, அது வெளிச்சத்த மட்டும்தான் சொல்லும், கலரப் பத்தி வாயே திறக்காது. ஹெச்டி வீடியோவுக்கான ரெக் 709ங்கற தர விதிக் கணக்குப்படி அந்த வெளிச்சத்துல பச்சைக்கு கிட்டத்தட்ட 72%, சிவப்புக்கு 21%, நீலத்துக்கு வெறும் 7%தான் பங்கு. புடவையில சிவப்பு 100, பச்சை 15, நீலம் 20 இருக்குன்னு வைங்க, லூமா 33 கிட்டதான் காட்டும், நீங்களும் நிம்மதியா அடுத்த ஷாட்டுக்கு போயிடுவீங்க, ஆனா சிவப்பு சேனல் அங்க கூரைய முட்டி நசுங்கிப் போயிருக்கும்.

ஆர்ஜிபி பரேடுக்கு மாத்துங்க. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் பக்கத்து பக்கத்துல தனித்தனியா வரும். ஒவ்வொண்ணுலயும் இடது வலதுங்கறது படத்தோட இடது வலதேதான், அதனால பொண்ணு ஃபிரேம்ல வலது பக்கம் நின்னா சிவப்பு கட்டத்தோட வலது பக்கத்துல தேடுங்க. கத்தரிக்கோலால வெட்டுன மாதிரி மேல நேர்க்கோடா நின்னா அதான் உங்க பெயின்ட். அதே இடத்துல பச்சையிலயும் நீலத்துலயும் மடிப்பு ஏத்த இறக்கமா தெரியும், அதையும் பாத்து வைங்க.

இப்ப சாச்சுரேஷன் (கலர் அடர்த்தி), லட் (ரெடிமேட் கலர் மாத்தி) எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பாருங்க. நேர்க்கோடு கலைஞ்சு மடிப்பு திரும்பி வந்தா தப்பு கிரேடிங்லதான் (எடிட்ல கலர் மாத்துனது), சிவப்ப கொஞ்சம் இறக்குனா சரியாயிடும். அப்பவும் வரலன்னா ஷூட்லயே போயிடுச்சு, முழுசா மீட்க முடியாது. மண்டபத்துல 3200 கெல்வின் ஹாலஜன் லைட்ட போட்டுட்டு கேமரா ஒயிட் பேலன்ஸ பகல் வெளிச்சத்துக்கான 5600லயே விட்டா சிவப்பு ஏற்கனவே தூக்கிட்டு நிக்கும், அதுல குங்குமச் சிவப்பு பட்டும் சேந்தா கேக்கவா வேணும். அடுத்த தடவ மானிட்டர்லயே பரேட ஓட விட்டு எக்ஸ்போஷர (கேமராவுக்குள்ள விடற வெளிச்சம்) அரை ஸ்டாப் குறைச்சு எடுங்க.

வெள்ளை சரியா வந்திருக்கான்னு பாக்க தனியா கார்டு தேடி அலைய வேண்டாம், மாப்பிள்ளை வேட்டி இருக்கே. வேட்டி இருக்கற இடம் மூணு கட்டத்துலயும் ஒரே உயரத்துல நிக்கணும். ஓவர்லே மோடுக்கு போனா மூணும் ஒண்ணு மேல ஒண்ணு விழும், சரியா இருந்தா கோடு வெள்ளையா இருக்கும், விலகுனா ஓரத்துல கலர் எட்டிப் பாக்கும். ஆனா நீலம் போட்டு வெளுத்த வேட்டின்னா நீலம் ஒரு நூல் மேலதான் நிக்கும், அதப் போட்டு அமுக்காதீங்க. சந்தனக் கலர் பட்டு வேட்டிய வெள்ளைன்னு நம்பிடவும் கூடாது.

கேள்வி: டிவிக்கு குடுத்த ஃபைல் கேமட் எரர்னு (கலர் அனுமதிச்ச எல்லைய தாண்டிடுச்சுன்னு) திரும்பி வந்துடுச்சு. லெவல் எல்லாம் கரெக்ட்டாதான் வெச்சேன். (சேலம் வாசகர்)

பதில்: லூமா 8 பிட்ல 16ல இருந்து 235, 10 பிட்ல 64ல இருந்து 940, இதுக்குள்ள இருந்தா போதும்னு நிறைய பேர் நினைச்சுடறாங்க. ஒய் (லூமா), சிபி, சிஆர் (நீல, சிவப்பு கலர் வித்தியாசம்) மூணும் தனித்தனியா எல்லைக்குள்ள இருந்தாலும் ஆர்ஜிபியா மாத்தும்போது ஒண்ணு 100க்கு மேல போகலாம், இல்ல 0க்கு கீழ இறங்கலாம். அதனால பரேட்ல மேல மட்டும் பாக்காம கீழயும் பாருங்க, நியான் போர்டு, சீரியல் செட் லைட் மாதிரி அடர் கலர்லதான் அடிக்கடி அடி வாங்கும். ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனங்களோட சங்கமான ஈபியூ தர்ற ஆர்103 பரிந்துரை ஆர்ஜிபிக்கு -5%ல இருந்து 105% வரைக்கும் விடுது, உங்க சேனல் எவ்வளவு விடுதுங்கறத அவங்க ஸ்பெக் ஷீட்ட கேட்டு வாங்கிப் பாருங்க.

கேள்வி: வெக்டர்ஸ்கோப்ல (கலர வட்டத்துல காட்டற கிராஃப்) தோல் நிறத்துக்கான ஸ்கின் டோன் கோட்டுக்கு கொண்டு வந்தா நலங்கு வீடியோ செத்த மாதிரி ஆயிடுது, ஏன்? (காரைக்குடி வாசகி)

பதில்: முகத்துல பூசுனது மஞ்சள்மா, அது கோட்ட விட்டு மஞ்சள் பக்கம் சாஞ்சுதான் நிக்கும். கறுப்பு, மாநிறம், சிவப்புன்னு எந்த நிறமா இருந்தாலும் தோல் அந்த கோட்டு பக்கத்துலதான் விழும், நடுவுல இருந்து எவ்வளவு தள்ளி விழுதுங்கறதுதான் பெரும்பாலும் மாறும். ஆனா மஞ்சள் தோல் கிடையாதே, அத இழுத்து கோட்டுல வெச்சா நலங்கோட களையே போயிடும். பக்கத்துல நின்னு பூசிட்டு இருக்கற அத்தை முகத்துல, கன்னத்துக்கு மட்டும் எடிட்டிங் மாஸ்க் போட்டு (அந்த இடத்த மட்டும் தனியா பிரிச்சு) கோட்டோட சரி பண்ணுங்க, அதே கிரேட அப்படியே பொண்ணு முகத்துக்கும் விட்டுடுங்க.