பசியறிந்து உண்பது: கேள்விகளும் பதில்களும்

டயட் அட்டவணையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பசியறிந்து உண்பது பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் இரண்டு விஷயங்கள். நான் உணவியல் நிபுணர், மருத்துவர் அல்ல. அடுத்தது, சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் இங்கே படித்ததை நம்பி உணவு நேரத்தை மாற்ற வேண்டாம். மருந்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

திருச்சியிலிருந்து: பசியறிந்து உண்பது என்றால் மனம் போனபடி சாப்பிடுவதா?

இல்லை. ஈவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் 1995-இல் இதைப் பத்துக் கொள்கைகளாக வகுத்தார்கள். முதலாவது, டயட் மனப்பான்மையை விடுவது. பசியை மதிப்பதும் வயிறு நிறைந்ததை உணர்வதும் அதன் பிறகு. சத்துள்ளதைத் தேர்ந்தெடுப்பது பத்தாவதாகத்தான் வருகிறது. அது சரியான இடம் என்றே நினைக்கிறேன். உணவோடு இன்னும் சண்டையில் இருப்பவரிடம் சத்துணவுப் பாடம் நடத்தினால், அதையும் இன்னொரு டயட்டாக மாற்றிக்கொள்வார்.

மதுரையிலிருந்து: திங்கள் முதல் சனி வரை ஓட்ஸ், சாலட், 1,200 கலோரி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைக் கண்டால் மூச்சு முட்டும்வரை சாப்பிட்டுவிடுகிறேன். எனக்கு மன உறுதியே இல்லையா, மேடம்?

ஆறு நாள் அரைப்பட்டினி கிடக்கும் உங்களுக்கா மன உறுதி இல்லை?

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் ஓர் ஆய்வு நடத்தினார். பட்டினியில் வாடிய ஐரோப்பியர்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நலமாக இருக்கின்றனவா என்று சோதித்தே அவர்களைச் சேர்த்தார்கள். 24 வாரங்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. மனத்துக்கு நேர்ந்ததுதான் நமக்கு முக்கியம். பேச்செல்லாம் சாப்பாடு. அதற்கு முன் அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்களும் சமையல் குறிப்புகளைத் தேடிப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு கொள்ளாத அளவுக்கு உண்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை.

அவர்கள் வாரம் 22 மைல் நடந்த ஆண்கள். உங்கள் 1,200-ஐ அவர்களுடைய 1,570-உடன் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நடப்பது அதே ஜாதிதான். உடல் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது. ஞாயிறு பிரியாணி அளவோடு நிற்க வேண்டுமானால் செவ்வாய் மதியம் ஒழுங்காகச் சோறு சாப்பிடுங்கள். அந்த பிரியாணியைப் புதன்கிழமையும் சாப்பிடலாம் என்று உண்மையாகவே நம்பத் தொடங்கும்போது அதன் மவுசு பாதி குறையும்.

சேலத்திலிருந்து: இதனால் எடை குறையுமா?

சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், சிலருக்கு அப்படியே நிற்கும். எடை குறைக்கும் வழி என்று இதை விற்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: எனக்குப் பசியே எடுப்பதில்லை. காலையில் காபி, மதியம் 2 மணிக்குச் சாப்பாடு. எதை அறிந்து உண்பது?

நல்ல கேள்வி. பல ஆண்டுகள் பசியை அலட்சியப்படுத்தியவர்களுக்கு அது மங்கிப்போவது உண்டு. காபியும் பசியை அமுக்கும். கிரெலின் என்ற பசி ஹார்மோன் வழக்கமான சாப்பாட்டு நேரத்தை ஒட்டி உயரும் பழக்கம் உடையது. நேரமே இல்லாதவருக்கு அதுவும் தடுமாறும். ஆகவே முதல் சில வாரங்களுக்குப் பசிக்காகக் காத்திருக்காமல் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு இட்லி போதும். திடீரென்று பசி போயிருந்தாலோ எடை தானாக இறங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து: இரவில் சோறா, சப்பாத்தியா?

100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றே, 350 அளவில். முழுக்கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கூடுதல். எது பிடிக்குமோ அது. சப்பாத்தியைத் தண்டனையாக மெல்ல வேண்டாம்.

விருதுநகரிலிருந்து: ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறையும்?

சேலத்துக்குச் சொன்ன பதில்தான்.

கோவையிலிருந்து: டயட் கூடாது என்கிறீர்கள். நம் முன்னோர் ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருந்தவர்கள். இன்றைய 16 மணி நேர உண்ணாவிரதமும் அதுதானே? விரதத்தையே பழிக்கிறீர்களா?

விரதத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏகாதசிக்குப் பட்டினி இருந்தவர் மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் வைத்துப் பாரணை செய்கிறார். நாள் முடிந்தது, விரதமும் முடிந்தது. எந்தப் பாட்டியும் பாரணை முடித்து எடை மெஷின் மீது ஏறி நின்றதில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் குறுக்கிட்டார்: எங்கள் வீட்டில் விரதத்தன்றுதான் அடை, உப்புமா, வடை என்று பலகாரம் அமர்க்களப்படும். முன்னோர் பட்டினி கிடந்தார்கள் என்று கோவைக்காரரிடம் யார் சொன்னது?

கோவை: அது விரதமல்ல, ஏமாற்று. உண்மையான விரதம் தண்ணீரோடு சரி.

தஞ்சாவூர்: உங்கள் பாட்டி கேட்டால் கரண்டியாலேயே போடுவார்.

இப்படியே நீண்டது. நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கிடையே ஒரு பெண் எழுதினார்: “செவ்வாய், வெள்ளி, சனி, பிரதோஷம், கிருத்திகை எல்லாம் நான் விரதம். சாமிக்காக அல்ல. விரதம் என்றால் வீட்டில் யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள், அதற்காக. மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை.”

அம்மா, மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். இது பசியறிந்து உண்ணும் முறையால் நீங்களாகச் சரிசெய்துகொள்ளும் நிலை அல்ல. முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, மாதவிடாய் நின்றதற்கான பரிசோதனையோடு இதயத் துடிப்பையும் ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு மனநல மருத்துவரும் தேவை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தலைசுற்றி விழுந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எனக்குத் தனியாக எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுவேன்.

கோவை ஐயா, 16 மணி நேரக் கணக்கு உங்களுக்கு ஒத்துவந்தால் இருந்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு அதைப் பரிந்துரைக்காதீர்கள். வீட்டில் மூன்று வேளையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டைத் தள்ளிவைப்பவர் இருந்தால், பக்தி என்று மெச்சாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: மகளுக்கு ஆறு வயது. “இன்னும் ஒரு வாய்” என்று என் மாமியார் ஊட்டிக்கொண்டே இருக்கிறார்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பொறுப்பைப் பிரித்துத் தந்தார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பாடு. மாமியாரிடம் இதைச் சொன்னால் எடுபடாது, தெரியும். குழந்தை தானாக எடுத்துச் சாப்பிடட்டும் என்று சிறிய தட்டாக வையுங்கள். பாட்டிக்குப் பரிமாறும் வேலையைக் கொடுங்கள்.

வேலூரிலிருந்து: பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு) 24. டாக்டர் அதிகம் என்கிறார், இணையம் சரி என்கிறது.

இணையம் 25 என்ற பொது வரம்பைச் சொல்கிறது. ஆசியர்களுக்கு 23 முதலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

ஓசூரிலிருந்து: எடை குறைக்கும் ஊசி?

மருத்துவரிடம் கேளுங்கள்.

கடலூரிலிருந்து: சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன், பசித்தால் மட்டும் சாப்பிடலாமா?

முதல் பத்தியைப் படித்தீர்களா? மாத்திரையின் பெயரோடு மருத்துவரிடம் போங்கள்.

கும்பகோணத்திலிருந்து: அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். ரவிக்கை பிடிக்கிறது. ஐந்து கிலோ குறைக்க வழி?

தையல்காரர் உள்பக்கம் துணி விட்டுத்தான் தைத்திருப்பார். பிரித்துத் தரச் சொல்லுங்கள்.